தாய்மண் இல்லாமல் பிழைக்கும் கன்று

நாற்றுப் பண்ணைக்குப் போனால் நாம் முதலில் பார்ப்பது கன்றின் காலடி மண்ணைத்தான். பை கிழிந்திருக்கிறதா, மண் கட்டி உடைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் காசு கொடுப்போம். தாய்மண் உதிர்ந்தால் கன்று போச்சு என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வந்த பாடம்.

பிரான்சு தேசத்திலோ பல நூற்றாண்டுகளாக வேறொரு வழக்கம் உண்டு. பேரி, ஆப்பிள், பிளம், ரோஜா எதுவானாலும் குளிர்காலத்தில் மண்ணை முழுவதும் உதறிவிட்டு, விறகுக்கட்டு மாதிரி கட்டி விற்பார்கள். அதற்கு 'ரசீன் நுய்' என்று பெயர்; ஆடையில்லாத வேர் என்று பொருள். நடுவதற்கு நாள்கூட உண்டு: நவம்பர் 25, புனித கத்தரீனம்மாள் திருநாள். அந்நாளில் எந்தக் கட்டையும் வேர் பிடிக்கும் என்பது பழமொழி. பிரெஞ்சுப் பள்ளியில் இதைப் படித்தபோது எங்களுக்கு விளங்கவில்லை. இங்கே அது கார்த்திகை பத்தாம் தேதி வாக்கில் வரும். வெளியே அடைமழை, மரமெல்லாம் பச்சைப்பசேல் என்று நிற்கும்.

காரணம் எளிது. அந்த நேரத்தில் அங்கே மரம் இலையைக் கொட்டிவிட்டுத் தூங்குகிறது. இலை இல்லாததால் தண்ணீர்ச் செலவும் அதிகம் இல்லை. வசந்தத்துக்கு வேண்டிய உணவு கட்டையிலும் வேரிலும் மாவாகச் சேர்ந்திருக்கிறது. காற்று குளிர்ந்தாலும் மண்ணில் கொஞ்சம் சூடு மிச்சம் இருப்பதால், மேலே தளிர் வருவதற்குள் கீழே புதுவேர் கிளம்பிவிடும். தூங்கும் பிள்ளையைப் பாய் மாற்றிப் போடுவது போலத்தான்.

இந்தக் கலையைப் பேசினால் ழான்-பத்தீஸ்த் தெ லா கேந்தினி என்பவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. வழக்கறிஞராகத் தொடங்கிய இவர், ஒரு பெரிய வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியரானார். மாணவனோடு இத்தாலிக்குப் போய்த் தோட்டங்களைப் பார்த்தவர், சட்டத்தை விட்டு மண்வெட்டியைப் பிடித்தார். பதினான்காம் லூயி மன்னர் வெர்சாயில் தமக்குக் காய்கனித் தோட்டம் போடும் வேலையை இவரிடம் ஒப்படைத்தார். கிடைத்த இடம் நாற்றமெடுத்த சதுப்பு. 1678 முதல் 1683 வரை மண் கொட்டி, வடிகால் அமைத்து, சுவர் எழுப்பி, சுமார் 9 ஹெக்டேரில் அரசர் தோட்டத்தை உருவாக்கினார்.

அந்நாளில் எல்லோரும் நம்பியது என்ன? பிடுங்கிய கன்றில் தொங்கும் சல்லிவேர்தான் அதற்கு உயிர், அதைத் தொடாமல் நட வேண்டும் என்பது. பிரெஞ்சில் சல்லிவேரை 'ஷெவ்லு', தலைமுடி என்கிறார்கள். லா கேந்தினி நட்ட மரங்களைச் சோதித்துப் பார்த்து வேறு முடிவுக்கு வந்தார். காற்றுப் பட்ட சல்லிவேர் காய்ந்து போகிறது. நட்ட பிறகு புதிதாக விடும் வேர்தான் மரத்துக்குச் சோறு போடுகிறது என்றார். அதனால் சல்லியைக் கழித்து, தடித்த வேரின் நுனியையும் சீவி, மேல் கிளைகளையும் குறைத்து நடச் சொன்னார். 1688-ல் அவர் இறந்தபின், 1690-ல் அவர் நூலை மகன் வெளியிட்டார். இன்றைய தோட்டக்காரர்கள் அவ்வளவு கடுமையாக வெட்டுவதில்லை. சல்லிவேர் காயாமல் ஈரச்சாக்கில் காப்பாற்றி, முறிந்த நுனியை மட்டும் சீவுகிறார்கள். ஆனால் புதுவேரில்தான் பிழைப்பு என்ற அவருடைய அடிப்படை நிற்கிறது.

அதே மன்னருடைய இன்னொரு தோட்டம் மர்லி. உடனடியாக நிழல் வேண்டும் என்று கொம்பியேன் காட்டிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வளர்ந்த மரங்களையே வண்டி வண்டியாகக் கொண்டுவந்து நட்டார்கள். முக்கால் பங்குக்கு மேல் பட்டுப்போயின, உடனே வேறு மரங்களை நட்டார்கள் என்று அரண்மனையில் இருந்த சேன்-சிமோன் பிரபு எழுதிவைத்திருக்கிறார். அதிகாரத்துக்குப் பொறுமை கிடையாது. நான் வேலை பார்த்த நாளில் மரம் நடு விழாக் கணக்குகள் கோப்பில் வரும். எத்தனை கன்று நட்டோம் என்று எழுத ஒரு கலம் உண்டு. அடுத்த சித்திரையில் எத்தனை உயிரோடு நிற்கிறது என்று எழுத எந்தக் கலமும் இருந்ததில்லை.

நடும் முறையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. களிமண், பசுஞ்சாணம், தண்ணீர் மூன்றையும் குழைத்து, வேரை அதில் தோய்த்து எடுப்பார்கள். இதற்கு 'பிரலினாழ்' என்று பெயர். சர்க்கரைப் பாகில் புரட்டிய பாதாமுக்குப் 'பிரலின்' என்று பெயர் அல்லவா, அதிலிருந்து வந்தது. பிறகு, வேர் மடங்காத அளவுக்குக் குழி வெட்டி, வேரை விரித்து, ஒட்டுப் போட்ட கணு மண்ணுக்கு மேலே இருக்கும்படி நட்டு மண் தள்ள வேண்டும். மழை பெய்தாலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும். மண் வேரோடு ஒட்டுவதற்காக. முதல் கோடையில் தண்ணீர் விட்டுப்போகக் கூடாது.

வியப்பு என்னவென்றால், நம் தமிழ்நாட்டு வாழைச் சாகுபடிக் குறிப்புகளிலும் இதே பிரெஞ்சுச் சொல் இருக்கிறது. கட்டையின் வேரைச் சீவி, 4 பங்கு களிமண்ணும் 5 பங்கு தண்ணீரும் கலந்த சேற்றில் தோய்ப்பதை அவற்றிலும் 'பிரலினேஜ்' என்றே எழுதுகிறார்கள்.

பார்க்கப்போனால் நமக்கும் இது புதிதல்ல. தேக்கு நாற்றுக்குச்சி என்ன? ஓராண்டுக் கன்றைப் பிடுங்கி, தண்டைச் சில அங்குலம் விட்டு வெட்டி, பக்க வேரைச் சீவி, வெறும் குச்சியாக மழைக்காலத் தொடக்கத்தில் கடப்பாரைக் குழியில் நடுகிறோம். நெல் நாற்றைப் பறித்து, சேற்றை அலசி, முடி கட்டி எறிகிறோமே, அதுவும் வெறும் வேர்தான். முற்றிய நாற்றாக இருந்தால் நுனியைக் கிள்ளி நடுவார்கள். லா கேந்தினி கிளையைக் குறைக்கச் சொன்னதும் இதே கணக்குதான்: வேர் குறைந்தால் தலையும் குறைய வேண்டும்.

ஆனால் மாவை இங்கே அப்படி நட்டுவிடாதீர்கள். அது தேக்கைப்போல மாதக்கணக்கில் மொட்டையாகத் தூங்குவதில்லை. அதற்குத் தாய்மண் வேண்டும். எந்த மரம் எப்போது தூங்குகிறது என்று பார்த்து நடுவதுதான் இதில் உள்ள வித்தை. பார்த்து நட்டவருடைய தோட்டம் வெர்சாயில் இன்றும் காய்க்கிறது. மர்லியில் அந்த அரண்மனையே இப்போது இல்லை.