சீனிக்கு அவித்த இலையில் இருந்தது வேறொன்று



மையவாடி ஓரங்களிலும் கடற்கரை மணலிலும் யாரும் நடாமலே பூத்துக் கிடக்கும் பட்டிப்பூவை நமக்கெல்லாம் தெரியும். நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள். தாயகம் மடகஸ்கார். இதன் இலையை அவித்துக் குடித்தால் சீனி இறங்கும் என்ற பேச்சு நம்மூரில் மட்டுமல்ல, ஜமேக்காவிலும் இருந்தது. அந்தப் பேச்சு ஆய்வுகூடத்துக்குப் போன கதையைத்தான் இன்று எழுதுகிறோம்.

1952இல் ஜமேக்காவின் வைத்தியர் ஜோன்ஸ்டன், கனடாவிலிருந்த வைத்தியர் கிளார்க் நோபிளுக்கு ஒரு கடித உறையில் 25 இலைகளை அனுப்பினார். தன்னிடம் வரும் சீனி வருத்தக்காரர்கள் இதைக் குடிக்கிறார்கள் என்பதே செய்தி. கிளார்க் நோபிளும் லேசான ஆளல்ல. இன்சுலின் ஆராய்ச்சியில் பாண்டிங்குக்கு உதவ முதலில் போவது யார் என்று 1921இல் அவரும் சார்ள்ஸ் பெஸ்ட்டும் நாணயம் சுண்டியதாகவும், பெஸ்ட் வென்றதாகவும் சொல்வார்கள். அவர் இலைகளைத் தம்பி ரொபர்ட் நோபிளிடம் கொடுத்தார்.

இலைச் சாற்றை எலிகளுக்கு வாயால் கொடுத்தார்கள். சீனி இறங்கவில்லை. ஊசியால் ஏற்றியபோதும் இறங்கவில்லை. ஆனால் எலிகள் சில நாட்களில் கிருமித் தொற்றினால் செத்தன. தேடியது கிடைக்கவில்லை என்று அத்தோடு விட்டிருக்கலாம். விடாமல் எலிகளின் இரத்தத்தைப் பார்த்தார்கள். வெண்குருதிக் கலங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. என்பு மச்சையும் பாதிக்கப்பட்டிருந்தது. அப்படியானால் அதே கலங்கள் கட்டுமீறிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவாதா? அந்நாளில் லுக்கேமியா வந்த பிள்ளை பிழைப்பது மிக அரிது.

ஆனால் எது அந்தப் பொருள்? ஓர் இலையில் ஒரு பொருள் மட்டும் இருப்பதில்லை. பட்டிப்பூவில் நூற்றுக்கு மேற்பட்ட அல்கலோயிட்டுகள் இன்று அறியப்பட்டுள்ளன. இரசாயனவியலாளர் சார்ள்ஸ் பியர், சாற்றை அலுமினா நிரப்பிய குழாயினூடாக வடியவிட்டார். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் இறங்குவதால் பகுதி பகுதியாகப் பிடிக்கலாம். ஓஎல் பிள்ளைகள் வடிதாளில் மையைப் பிரிப்பதும் இதே தத்துவம்தான். ஒவ்வொரு பகுதியையும் எலியில் சோதித்து, வெண்குருதிக் கலங்களைக் குறைத்த பகுதியை மட்டும் எடுத்து மீண்டும் பிரித்தார்கள். 1958இல் வின்பிளாஸ்டின் தூய பொருளாகக் கைக்கு வந்தது.

இதே செடியில் அமெரிக்காவின் எலை லில்லி கம்பனியும் தனியே வேலை செய்தது. அங்கே ஸ்வோபோடா வின்கிறிஸ்டினைப் பிரித்தார். 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1965இல் எக்ஸ் கதிர் மூலம் அமைப்பும் தெளிவானது. இரண்டு மூலக்கூறுகளுக்கும் ஒரே ஓர் இடத்தில்தான் வேறுபாடு: ஒன்றில் மெதைல், மற்றதில் போமைல். அவ்வளவுக்கே உடலில் செய்யும் வேலையும், கொடுக்கும் அளவும், பக்கவிளைவும் மாறிவிடுகின்றன. மஹரகமவில் பிள்ளைகளின் லுக்கேமியாவுக்கு ஏற்றும் மருந்துகளில் வின்கிறிஸ்டினும் ஒன்று.

1 கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பார்கள். வின்கிறிஸ்டினோ, வளர்ந்தவருக்கே ஒரு தடவைக்கு வழமையாக 2 மில்லிகிராமைத் தாண்டாது; அதுவும் நாளத்தினூடாக மட்டும். ஆகவே புற்றுநோய் மருந்து இதிலிருந்துதான் வருகிறதாம் என்று இலையைப் பறித்து அவிப்பவர், அந்த மருந்தைக் குடிக்கவில்லை. எவ்வளவு என்று அளக்கப்படாத, நச்சுத்தன்மையுள்ள ஒரு கலவையைக் குடிக்கிறார்.

உங்கள் வீட்டில் யாராவது சீனிக்கு இதைக் குடித்தால், நிறுத்திவிட்டு வைத்தியரிடம் சொல்லச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியில் மாத்திரைகள் எழுதப்பட்டிருக்கும், இலை எழுதப்பட்டிருக்காது.