தணலைக் காப்பவர்கள்: அமெரிக்கப் பார்பிக்யூவில் தனிக்கடைகளும் தொடர் உணவகங்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநிலங்களிலும் அவற்றை ஒட்டிய மிசௌரி போன்ற பகுதிகளிலும், விறகுத் தணலின் மிதமான சூட்டிலும் புகையிலும் இறைச்சியைப் பல மணி நேரம் வேகவைக்கும் பார்பிக்யூ என்னும் சமையல்முறை, ஒவ்வோர் ஊரும் தன் பெருமையாகக் கொண்டாடும் மரபாக வேரூன்றியுள்ளது. ஆகவே பல நகரங்களில் ஒரே பெயரோடும் ஒரே உணவுப் பட்டியலோடும் இயங்கும் தொடர் உணவகங்களையும், ஓர் ஊரோடு ஒன்றிவிட்ட தனிக்கடைகளையும் ஒப்பிட்டு அங்கே எழும் கருத்துகள் சுவையோடு நின்றுவிடுவதில்லை. தனிக்கடை பழையது, தூயது என்றும், தொடர் உணவகம் புதியது, போலியானது என்றும் பிரித்துப் பார்ப்பதே பெருவழக்கு. இத்தொழிலின் வரலாறோ அப்பிரிவினையை ஏற்பதில்லை. கடையின் வயதையும் கிளைகளின் எண்ணிக்கையையும் விட, தணலைக் காப்பவர் யார் என்ற கேள்வியே அதில் முதன்மை பெறுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பார்பிக்யூ கடையில் விற்கும் பண்டமாக இல்லாமல், ஊர் கூடி உண்ணும் விருந்தாகவே இருந்தது. தேர்தல் கூட்டங்களிலும் ஜூலை 4 விடுதலை நாள் விழாக்களிலும் நீண்ட குழி தோண்டி, அதில் விறகை எரித்துத் தணலாக்கி, அதன்மேல் முழுப் பன்றிகளையும் ஆடுகளையும் கிடத்தி வேகவைத்தனர். இரவெல்லாம் அக்குழியருகே விழித்திருந்து உழைத்தவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர்களே. 1865இல் அடிமைமுறை ஒழிந்தபின், அவ்வுழைப்பில் திரண்ட அறிவே பலருக்கு முதலீடாயிற்று. டென்னசியில் பிறந்த ஹென்றி பெர்ரி, 1908ஆம் ஆண்டளவில் கான்சாஸ் சிட்டியில் சிறு கடையொன்று வைத்து, புகையில் வெந்த இறைச்சியைச் செய்தித்தாளில் பொதிந்து விற்றார். 1940இல் அவர் இறந்தபோது, அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையண்ட் தொழிலை ஏற்றார்; அவருக்குப்பின் தம்பி ஆர்தர் பிரையண்டின் பெயரில் அக்கடை நாடறிந்ததாயிற்று. அந்நகரின் மற்றொரு புகழ்பெற்ற கடையான கேட்ஸ், 1946இல் தொடங்கியபோது, அதன் அடுப்பில் நின்றவரும் பெர்ரியிடம் தொழில் பழகியவரே. கடையின் பெயர் மாறினாலும் கைப்பழக்கம் ஆளிடமிருந்து ஆளுக்குச் சென்றது.

மத்திய டெக்சஸில் இத்தொழில் வேறு வழியில் வளர்ந்தது. ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டுப் பகுதிகளிலிருந்தும் குடியேறிய இறைச்சிக் கடைக்காரர்கள், விற்காமல் எஞ்சிய துண்டுகளைப் புகையிட்டு விற்றனர். பருத்தி பறிக்க வந்த தொழிலாளர்கள் அவற்றைக் கடைத் தாளிலேயே வைத்து உண்டனர். லாக்ஹார்ட் என்னும் சிற்றூரில் 1900இல் தொடங்கிய கிராய்ட்ஸ் மார்க்கெட் இம்மரபைச் சேர்ந்தது. நெடுங்காலம் முள்கரண்டியும் குழம்பும் தராதிருந்த அக்கடையின் வழக்கம் இறைச்சிக் கடையாக அது இருந்த காலத்தின் எச்சம். 1999இல் குடும்பத்துக்குள் ஏற்பட்ட பிரிவால் கடை வேறிடத்துக்குப் பெயர்ந்தபோது, பழைய அடுப்பின் தணலை ஒரு தொட்டியில் இட்டுத் தெருவழியே இழுத்துச் சென்று புதிய அடுப்பை மூட்டினர். வட கரோலினாவின் லெக்சிங்டனிலோ, நீதிமன்றத்துக்கு வந்த மக்களுக்காக 1919ஆம் ஆண்டளவில் போட்ட கூடாரக் கடையிலிருந்து, பன்றித் தோள்கறியை ஹிக்கரி மரத் தணலில் வேகவைத்துத் தக்காளி கலந்த வினிகர்ச் சாற்றுடன் தரும் முறை உருவாயிற்று. அதே மாநிலத்தின் கிழக்குப் பகுதியினர் முழுப் பன்றியையும் தக்காளி சேராத வினிகரையுமே சரியெனக் கொள்வர். எளிதில் கிடைத்த விலங்கு, அருகில் வளர்ந்த மரம், உண்ண வந்த மக்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒவ்வோர் ஊரின் சுவையையும் தீர்மானித்தன.

தொடர் உணவகமும் இவ்வரலாற்றுக்குப் பிந்தி வந்ததன்று. ஜெஸ்ஸி கிர்பி என்பவர் தம் கூட்டாளியுடன் 1921இல் டாலஸ் நகரில் தொடங்கிய பிக் ஸ்டாண்ட், காரை விட்டு இறங்காமலேயே உண்ணும் டிரைவ் இன் உணவகங்களுள் முதலாவதாகக் கருதப்படுகிறது. அது விற்ற முதன்மைப் பண்டம் பன்றிக்கறிப் பார்பிக்யூ சாண்ட்விச். பிறர் பணம் கட்டி அதே பெயரில் கடை நடத்தும் உரிமக் கிளைமுறையால், சுமார் பத்தாண்டுகளில் அது நூற்றுக்கு மேற்பட்ட இடங்களுக்குப் பரவியது. ஹாம்பர்கர் நாட்டுணவாகும் முன்னரே பார்பிக்யூ சாலையோரத் தொடர் உணவாகிவிட்டது எனலாம்.

எனினும் ஹாம்பர்கர் பரவிய அளவுக்குப் பார்பிக்யூ பரவவில்லை. காரணம் அதன் சமையலிலேயே உள்ளது. பிரிஸ்கெட் எனப்படும் மாட்டின் நெஞ்சுக்கறி, இணைப்புத் திசு மிகுந்த கடினமான பகுதி. அத்திசுவிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் மெல்ல இளகி ஜெலட்டினாக மாறினாலன்றி அது உண்ணத்தக்கதாகாது. இதற்குப் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்; இடையில் இறைச்சியின் மேற்பரப்பில் ஈரம் ஆவியாகும்போது அதன் வெப்பம் மணிக்கணக்கில் ஏறாமல் நின்றுவிடும். விறகின் ஈரப்பதமும், காற்றின் போக்கும், துண்டின் பருமனும் நாளுக்கு நாள் வேறுபடுவதால், அடுப்பைக் காக்கும் பிட்மாஸ்டர், அதாவது தணற்குழியின் தலைமைச் சமையலர், கண்ணாலும் கையாலும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். இத்தேர்ச்சியைக் கையேடாக எழுதி நூறு கிளைகளுக்கு அனுப்ப இயலாது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எரிவாயுவாலோ மின்சாரத்தாலோ சூட்டைச் சீராக வைத்து, புகைக்காக மட்டும் சிறிது விறகைச் சேர்க்கும் எந்திர அடுப்புகள் பரவியதால் இத்தடை தளர்ந்தது. 1968இல் புளோரிடாவின் கெயின்ஸ்வில்லில் ஒரே கடையாகத் தொடங்கிய சன்னிஸ், பிறகு உரிமக் கிளைகளால் தென்கிழக்கெங்கும் வளர்ந்தது. டிராவிஸ் டிக்கி 1941இல் டாலஸில் திறந்த கடை, 1994இல் உரிமம் வழங்கத் தொடங்கி, 2010களில் ஐந்நூறு கிளைகளைக் கடந்தது. அதே 1994இல் விஸ்கான்சின் மாநிலத்தில் தோன்றிய ஃபேமஸ் டேவ்ஸ், இம்மரபு இல்லாத வடபகுதி நகரங்களுக்கும் இதைக் கொண்டு சென்றது. இவை எந்நாளும் திறந்திருக்கும், இறைச்சி தீர்ந்துவிட்டதென்று எவரையும் திருப்பி அனுப்புவது அரிது, குடும்பத்தோடு அமர்ந்து உண்ண இடமும் உண்டு. இந்நன்மைகளை இகழ்வது நேர்மையாகாது. ஆயினும் எந்திரம் சூட்டைக் கவனித்துக்கொள்ளும் இடத்தில் விறகை அறிந்த கை தேவையற்றுப் போகிறது. எல்லா ஊர்களுக்கும் பொருந்தும் சுவையைத் தேடும்போது எந்த ஊரின் சுவையும் முழுமையாக நிற்பதில்லை. மேலும், உழைப்பு மிகுந்த விறகடுப்பைக் கைவிட்டு எரிவாயுவுக்கு மாறிய தனிக்கடைகளும் ஏராளம். இதைக் கண்டே ஜான் ஷெல்டன் ரீட் என்னும் சமூகவியலாளரும் டான் லெவைனும், முழுக்க விறகில் சமைக்கும் கடைகளுக்கு மட்டும் சான்றளிக்கும் இயக்கத்தை வட கரோலினாவில் தொடங்கினர்.

தனிக்கடையின் பெருமையைப் பேசுவோர் மறக்கலாகாத மற்றொரு பக்கமும் உண்டு. அலபாமாவின் பர்மிங்ஹாமில் 1920கள் முதல் நடந்துவந்த ஆலிஸ் பார்பிக்யூ, மூன்று தலைமுறை கண்ட குடும்பக் கடை; ஆனால் அங்கே கறுப்பின மக்கள் உணவை வாங்கிச் செல்லலாமேயன்றி உள்ளே அமர்ந்து உண்ண முடியாது. நிறவேற்றுமையைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று அக்கடையினர் வழக்காடியபோது, கடை வாங்கிய உணவுப் பொருள்களில் கணிசமான பங்கு பிற மாநிலங்களிலிருந்து வந்த இறைச்சி என்பதைச் சுட்டி, உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் ஒருமனதாகச் சட்டத்தை நிலைநிறுத்தியது. தென் கரோலினாவில் பல கிளைகள் கொண்டிருந்த பிக்கி பார்க் நிறுவனமும் இதே வேற்றுமைக்காக 1968இல் அதே நீதிமன்றத்தில் தோற்றது. ஒன்று தனிக்கடை, மற்றது பல கிளைகள் கொண்டது. அநீதி இரண்டுக்கும் பொதுவாக இருந்தது. ஊரின் அன்புக்குரிய கடை என்று சொல்லும்போது, அந்த ஊரில் யாரெல்லாம் அடங்கினர் என்றும் கேட்டாக வேண்டும்.

கடந்த முப்பது ஆண்டுகளில் தனிக்கடைகளின் மதிப்பு மீண்டும் உயர்ந்துள்ளது. டெக்சஸ் மந்த்லி இதழ் 2008இல் மாநிலத்தின் முதலிடத்தை அளித்த ஸ்னோஸ், சனிக்கிழமைகளில் மட்டும் திறக்கும் சிற்றூர்க் கடை. அதன் அடுப்பைக் காத்தவர் எழுபது வயதைக் கடந்த டூட்சி டொமனெட்ஸ். ஆஸ்டினில் 2009இல் வண்டிக் கடையாகத் தொடங்கிய ஆரன் பிராங்க்ளினின் உணவகத்தில் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். 2015இல் அவருக்குச் சிறந்த சமையலர்களுக்கு அளிக்கப்படும் ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. தென் கரோலினாவின் ஹெமிங்வே என்னும் சிற்றூரில், குடும்பக் கடையில் சிறுவயது முதலே முழுப் பன்றி சமைக்கப் பழகிய ராட்னி ஸ்காட், 2018இல் அவ்விருதைப் பெற்ற ஆப்பிரிக்க அமெரிக்கர். அவர் 2017இல் சார்ல்ஸ்டனில் கடை திறந்தபின் பர்மிங்ஹாம், அட்லாண்டா நகரங்களிலும் கிளை தொடங்கி, அங்கும் விறகுத் தணலிலேயே முழுப் பன்றியைச் சமைக்கும் முறையைக் கொண்டு சென்றார்.

கிளை விரிப்பதே குற்றம் என்னும் வாதம் ஸ்காட்டின் முன் நிற்பதில்லை. தனித்திருப்பதே தகுதி என்னும் வாதம் எரிவாயுவுக்கு மாறிய சிறுகடைகளின் முன் நிற்பதில்லை. தணலைக் காக்கத் தெரிந்தவரைப் பழக்கி, அவருக்கு உரிய கூலியும் மதிப்பும் அளித்து, ஊரின் மரத்துக்கும் முறைக்கும் உண்மையாக இருக்கும் உணவகமே, ஒன்றாயினும் பத்தாயினும், இம்மரபின் வாரிசாகும். இரவு முழுதும் விழித்திருந்த பெயரறியா மனிதர்களின் அறிவிலிருந்து பிறந்த உணவை, அவ்வறிவு தேவைப்படாத பண்டமாக மாற்றுவது எவர் செய்தாலும் இழப்பே. அதைக் காப்பதற்கு ஆகும் கூடுதல் விலையும் காத்திருப்பும் நியாயமானவை.