வாய்க்கால் முடியிற இடத்து வரலாறு

ஐப்பசி பிறந்தா கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கம் பேச்செல்லாம் வட்டையைப் பற்றித்தான். பெரும்போகத்துக்கு உழவு, வரம்பு கட்டுறது, விதைப்பு. மாசி, பங்குனியில வேளாண்மை வெட்டு. ஆனா இந்த வேலைகளுக்கெல்லாம் முந்திய வேலை ஒன்று இருக்கு: வாய்க்கால் துப்புரவு. நம்ம கரையின் வரலாற்றை அந்த வாய்க்காலை வைத்தே சொல்லலாம்.

பட்டிப்பளை ஆறு என்று நம்ம ஆட்கள் சொல்லி வந்த ஆறுதான் பிறகு அரச ஏடுகளில் கல்லோயா ஆனது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. இங்கினியாகலையில் அணை கட்டி, சேனநாயக்க சமுத்திரம் என்ற நாட்டின் மிகப் பெரிய குளத்தை உண்டாக்கினார்கள். வெள்ளம் குறைந்தது, சிறுபோகம் செய்கிற காணி கூடியது. இது நன்மைதான். ஆனால் தண்ணீரின் சாவி மேலே போய்விட்டது. இடதுகரை வாய்க்காலின் தலைப்பக்கம் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள், வால்பக்கம் தமிழ் பேசும் விவசாயிகள். 1956 கலவரத்தின் காயம் வேறு இருந்தது. மேலே இருக்கிறவன் மடையைத் திறந்தே வைத்தால் கீழே இருக்கிறவன் வயல் காயும். இனப் பிரச்சினைக்குள்ளே தண்ணீர்ப் பிரச்சினையும் ஒளிந்திருந்தது.

1981 சிறுபோகம் தொடங்கும்போது குளத்தில் காற்பங்கு அளவுதான் தண்ணீர். அந்த நேரத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்த இளைஞர் யுவதிகளை இடதுகரைக் கிராமங்களில் தங்க வைத்தன. அவர்கள் கட்டளை போடவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிறவர்களைச் சிறு குழுவாகக் கூட்டினார்கள். வருடக்கணக்காகக் கைபடாத வாய்க்கால்களை விவசாயிகள் கூலி வாங்காமலே துப்புரவு செய்தார்கள். தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டார்கள். மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே உள்ளவர்களுக்கு விட்டார்கள். மேலே சிங்களவர், கீழே தமிழர் என்பது எல்லாருக்கும் தெரிந்துதான் நடந்தது. அந்தத் திட்டத்தில் வேலை செய்த நோர்மன் அப்ஹொஃப் 1992இல் இதை ஒரு புத்தகமாகவே எழுதினார்.

இதைச் சொல்வதால் எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அடுத்து வந்த யுத்த வருடங்களில் எத்தனையோ பேருக்கு வட்டைக்குப் போகவே வழியில்லாமல் போனது. காணிப் பிரச்சினைகள் இன்றைக்கும் தீரவில்லை. ஆனால் நம்ம மாவட்ட வரலாறு என்றால் கலவரத் திகதிகளை மட்டும் மனப்பாடம் பண்ணுகிறோம். பகைமை இருந்த அதே வாய்க்காலில், அதே மனிதர்கள், தண்ணீர் குறைந்த ஒரு போகத்தில் வேறு மாதிரியும் நடந்தார்கள் என்பதும் வரலாறுதான். அவர்கள் திடீரென்று நல்லவர்களாக மாறியதால் அது நடக்கவில்லை. உட்கார்ந்து பேச ஒரு இடமும், பேச வைக்க ஆட்களும் இருந்ததால் நடந்தது.

இப்போது வாய்க்கால் துப்புரவுக்கு பெக்கோ இயந்திரம் வருகிறது. வெட்டுக்கும் மெசின்தான். வேலை சுலபமாகிவிட்டது, வரம்பில் நின்று கதைக்கிற நேரம் குறைந்துவிட்டது. பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு வாப்பாமார் மட்டும் போகிறார்கள், நம்மில் அநேகம் பேர் எட்டிப் பார்ப்பதில்லை. தண்ணீர் எந்தத் திகதியில் திறப்பது, எப்போது மூடுவது என்பது அங்கேதான் முடிவாகிறது. இந்த முறை போய் உட்காருங்கள். அப்படியே ஊரில் உள்ள பழைய வட்டைவிதானைமாரிடம் அந்தக் காலத்துத் தண்ணீர் முறையைக் கேட்டு எழுதி வையுங்கள். அதற்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.