படகு வலித்த பழைய மாணவர்களும் நம்ம ஊர்க் கபடியும்

எங்கள் கம்மாபுரத்தில் பொங்கல் என்றால் கபடிதான். நான் பாடிப் போகக் கிளம்பும்போதெல்லாம், "ரொம்ப மூச்சடக்காதடா, நெஞ்சு வெடிச்சிடும்" என்பார் பாட்டி. சிரித்துவிட்டு ஓடிவிடுவேன். 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில், பாடிப் போன கல்லூரி மாணவர் ஒருவர் ஆட்டத்தின்போதே சுருண்டு விழுந்தார், பிழைக்கவில்லை. செய்தியைப் படித்ததும் பாட்டி சொன்னது சரிதானோ என்று தோன்றியது.

இந்தக் கேள்வி பழையது. 1867-ல் லண்டனில் ஸ்கே என்ற அறுவை மருத்துவர், ஆக்ஸ்போர்டு–கேம்பிரிட்ஜ் படகுப்போட்டி மாணவர்களின் உடலைக் கெடுக்கிறது என்று பத்திரிகைக்கு எழுதினார். பதில் தேடியவர் டாக்டர் ஜான் மார்கன். தாமும் துடுப்பு வலித்தவர். 1829 முதல் 1869 வரை போட்டியிட்ட 294 பேரைப் பற்றிக் கடிதம் எழுதி விசாரித்து, 1873-ல் புத்தகம் வெளியிட்டார். அவர்கள் சராசரியை விடச் சுமார் இரண்டு ஆண்டு கூடுதலாகவே வாழ்வார்கள் என்பது அவர் கணக்கு. கவனித்தீர்களா நண்பர்களே? பழைய மாணவர்கள் கடிதத்துக்குப் பதில் போட்டதால் கிடைத்த விடை இது!

1899-ல் ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஹென்ஷென், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே அவர்கள் இதயம் பெரிதாகியிருப்பதைச் சொன்னார். பின்னால் வந்த எக்ஸ்ரேயும் எக்கோவும் அதை உறுதி செய்தன. எஞ்சினியர் பாஷையில் சொன்னால், வேலைக்கு ஏற்றபடி பம்பு வளர்கிறது. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளும் இதயம், தேர்ந்த ஓட்ட வீரரிடம் உச்சத்தில் 35 லிட்டர் வரை தள்ளும். ஓய்வில் அவர் நாடி 40-க்குக்கூட இறங்கும். அது நோயல்ல.

அப்போ ஆபத்து எங்கே? இளம் வீரர்களின் திடீர் மரணங்களில் பெரும்பாலும், பிறவியிலேயே வந்து தெரியாமல் இருந்த இதயக் கோளாறுதான் காரணம். சில சமயம் நெஞ்சில் படும் அடியே துடிப்பைக் குலைத்துவிடும். இத்தாலி 1982-ல் போட்டி வீரர்களுக்கு ஈ.சி.ஜி.யுடன் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அங்கே வெனெட்டோ பகுதியில் இத்தகைய மரணங்கள் 2004-க்குள் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைந்தன.

அதனால் தம்பி தங்கைகளே, பயிற்சியை விடாதீர்கள். ஆனால் ஆடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் மறைக்காதீர்கள். வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென இறந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சங்கத்து அண்ணன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். கோப்பை வாங்கித் தருவதோடு நம் கல்லூரி அணிகளுக்கு ஈ.சி.ஜி. எடுக்கவும் ஏற்பாடு செய்வோம். ஒருவர் மூச்சுப் பேச்சில்லாமல் விழுந்தால், தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காமல், 108-க்குச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தெரிந்தவர்கள் மைதானத்தில் இருக்க வேண்டும். அடுத்த சந்திப்புக்குள் நாமே கற்றுக்கொள்வோமா?