யாழ்ப்பாணக் குடாநாட்டில் மயக்கமருந்து மருத்துவம்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேலைத்தேய மருத்துவம் வேரூன்றிய வரலாறு பெரும்பாலும் மிசன் மருத்துவர்களையும் சத்திரசிகிச்சை நிபுணர்களையும் முன்வைத்தே பேசப்பட்டு வந்துள்ளது. நோயாளியின் தலைமாட்டில் நின்று அவரது உணர்வை ஒடுக்கி, மூச்சையும் நாடியையும் குருதியமுக்கத்தையும் காத்து, வேலை முடிந்ததும் அவரை மீண்டும் விழிக்கச் செய்யும் மயக்கமருந்து மருத்துவரின் பங்கு அப்பேச்சில் உரிய இடம் பெறவில்லை. அப்பங்கைத் தனியே எடுத்து நோக்கினால் ஒரு முக்கியமான உண்மை புலப்படும். மயக்க மருந்துகள் பற்றிய அறிவு மிக விரைவாகவே கடல் கடந்து பரவியது. அவற்றைப் பாதுகாப்பாகக் கையாளும் மனிதரை உருவாக்குவதற்கும், அவரை இந்த மண்ணில் இருத்துவதற்கும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று, அந்த முயற்சி இன்னும் முற்றுப்பெறவுமில்லை.

அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் ஜோன் ஸ்கடர் 1820ஆம் ஆண்டில் பண்டத்தரிப்பில் பணி தொடங்கியபோது, சத்திரசிகிச்சைக்குரிய மயக்கமருந்து மேலைத்தேய மருத்துவத்தில் வழக்கில் இருக்கவில்லை. நோவைச் சற்றே தணிக்க அபினும் மதுவும் மட்டுமே இருந்தமையால், வெட்டுபவரின் கைவிரைவும் நோயாளியை அசையாமற் பிடித்திருப்போரின் வலிமையுமே சிகிச்சையின் எல்லையை வகுத்தன. வயிற்றையோ நெஞ்சையோ திறப்பது ஏறத்தாழ நினைத்துப் பார்க்க இயலாத செயலாக இருந்தது. 1846 ஒக்ரோபர் 16ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் வில்லியம் மோட்டன் ஈதர் என்னும் திரவத்தின் ஆவியை ஒரு நோயாளி உள்ளிழுக்கச் செய்து, நோவில்லாத சத்திரசிகிச்சைக்கு வழிகாட்டினார். மறு ஆண்டிலேயே கல்கத்தாவில் ஈதர் பயன்படுத்தப்பட்டது; அதே 1847இன் நவம்பரில் எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் சிம்சன் குளோரோபோமை அறிமுகம் செய்தார்.

மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததும் அந்த 1847ஆம் ஆண்டில்தான். முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிய அவர் 1848இல் மானிப்பாயில் மருத்துவ நிலையத்தை நிறுவி, உள்ளூர் மாணவருக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அந்நிலையமே பின்னர் கிறீன் நினைவு வைத்தியசாலை எனப் பெயர் பெற்றது. 1864 முதல் அவர் தமிழிலேயே பாடம் நடத்தினார். துரூயிற் என்னும் ஆங்கில மருத்துவரின் சத்திரசிகிச்சை நூல் 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867இல் தமிழில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் பயின்றோர் அரசாங்க உத்தியோகத்தையும் வெளியூரையும் நாடிச் செல்வர் என்பதும், தமிழில் பயின்றோர் தம் மக்களிடையே தங்கிப் பணியாற்றுவர் என்பதும் அவரது கணிப்பு. மருத்துவக் கல்வியின் நோக்கம் அறிவை அளிப்பதோடு நின்றுவிடாது, அறிந்தவரை ஊரில் இருத்துவதையும் உள்ளடக்கும் என்ற இக்கருத்து, குடாநாட்டின் மயக்கமருந்து மருத்துவத்தின் பிற்கால நிலையை விளங்கிக்கொள்ளவும் உதவுகிறது.

அக்காலத்தில் மயக்கமருந்து கொடுப்பது பெரும்பாலான இடங்களில் ஒரு தனித் தொழிலாக இருக்கவில்லை. துணி போர்த்திய கம்பிச் சட்டத்தை நோயாளியின் மூக்கு வாய்மேல் வைத்து, மருந்தைத் துளித்துளியாக அதன்மேல் விடும் பொறுப்பு, பெரும்பாலும் உடனிருந்த உதவியாளருக்கோ இளைய மருத்துவருக்கோ கொடுக்கப்பட்டது. ஈதர் மெதுவாக வேலை செய்யும், குமட்டலை உண்டாக்கும், எளிதில் தீப்பற்றும். ஆயினும் சுவாசத்தை எளிதில் நிறுத்துவதில்லை என்பதால் பழக்கமற்ற கைகளின் பிழையை ஓரளவு பொறுத்துக்கொண்டது. குளோரோபோம் இனிய மணமுடையது, விரைந்து மயக்குவது, தீப்பற்றாதது. ஆனால் மயக்கத்தின் தொடக்கத்திலேயே இதயத்தைத் திடீரென நிறுத்திவிடக்கூடியது. இம்மரணங்களுக்கு மூச்சுத் தடைப்படுவது காரணமா, இதயம் நிற்பது காரணமா என்பதை ஆராய 1888இலும் 1889இலும் ஐதராபாத்தில் ஆணைக்குழுக்கள் அமைந்தன. மூச்சையே கவனிக்க வேண்டும் என்று அவை சொன்ன முடிவை, குளோரோபோம் இதயத்தின் துடிப்பு ஒழுங்கையே குலைக்கும் என்று காட்டிய பிந்திய ஆய்வுகள் திருத்தின. நோயாளியைக் கவனிப்பதைத் தவிர வேறு வேலை எதுவும் இல்லாத, அதற்கென்றே பயின்ற ஒருவர் தேவை என்ற எண்ணம் இத்தகைய மரணங்களிலிருந்தே வலுப்பெற்றது.

இதற்கிடையில் குடாநாட்டில் வைத்தியசாலைகள் பெருகின. அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் 1850இல் தொடங்கிய நட்புறவுச் சங்க வைத்தியசாலையை 1907இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தொடக்கம் அதுவே. பெண்களுக்காக இணுவிலில் 1898இல் மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. மகப்பேற்றுச் சத்திரசிகிச்சையில் தாயை மயக்கும் மருந்து குருதி வழியே சிசுவையும் அடைவதால், ஒரே வேளையில் இரண்டு உயிர்களைக் காக்க வேண்டிய கடமை இத்தகைய இடங்களில் மயக்கமருந்து கொடுப்பவரைச் சார்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தொழிலின் இயல்பே மாறியது. 1942இல் மொன்றியலில் மூச்சுத் தசைகளையும் செயலிழக்கச் செய்யும் கியுறாரே என்னும் தசைதளர்த்தி மருந்து மயக்கத்தோடு சேர்த்துப் பயன்படுத்தப்பட்ட பின்னர், நோயாளியின் சுவாசத்தை முழுமையாகத் தம் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சுக்குழாய்க்குள் செலுத்திய குழாயின் வழியே ஒட்சிசனை அளிப்பது மயக்கமருந்து மருத்துவரின் அன்றாடப் பணியாயிற்று. 1952இல் கொப்பன்கேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மயக்கமருந்து மருத்துவரான பியோன் இப்சன் இதே முறையைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே கொண்டுசென்று, மருத்துவ மாணவர்கள் இரவு பகலாகக் கையால் காற்றூட்டிப் பலரைப் பிழைக்கச் செய்ய வழிசெய்தார். தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற அமைப்பு அங்கிருந்து வளர்ந்தது. இதனால் மயக்கமருந்து நிபுணர் சத்திரசிகிச்சையின் துணையாளர் என்ற நிலையிலிருந்து, உயிராபத்திலுள்ள எந்த நோயாளிக்கும் பொறுப்பேற்கும் மருத்துவர் என்ற நிலைக்கு உயர்ந்தார்.

யாழ்ப்பாணத்தில் 1978இல் மருத்துவ பீடம் தொடங்கி, பெரிய வைத்தியசாலை போதனா வைத்தியசாலையானமை, இத்துறையில் ஆளை உருவாக்கும் பணிக்கு உள்ளூரிலேயே ஒரு களத்தை அமைத்தது. அக்களம் நிலைபெறும் முன்னரே போர் அதைச் சூழ்ந்தது. 1987 ஒக்ரோபர் 21, 22ஆம் திகதிகளில் இந்திய அமைதிப்படையினர் வைத்தியசாலைக்குள் புகுந்து நடத்திய படுகொலையில், மருத்துவர்கள் சிவபாதசுந்தரம், பரிமேலழகர், கணேசரத்தினம் ஆகியோரும் தாதியரும் ஊழியரும் நோயாளருமாக 60க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குத் தேசிய மின்சாரம் அற்றுப்போனது. எரிபொருளுக்குத் தடையும் மருந்துக்குக் கட்டுப்பாடும் வந்தன. அவ்வாண்டின் இறுதியில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் பாதுகாப்பின்கீழ் வைத்தியசாலையைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் வரையறுக்கப்பட்டது.

இத்தகைய தட்டுப்பாடு மயக்கமருந்து மருத்துவத்தை எவ்வாறு தாக்கும் என்பதை அதன் செய்முறையிலிருந்தே உணரலாம். நவீன மயக்கக் கருவி அமுக்கப்பட்ட ஒட்சிசனையும் மின்சாரத்தையும் நம்பியது. இரண்டும் உறுதியற்ற இடத்தில் வேறு வழிகளே கைகொடுக்கும். முதலாவது, ஒக்ஸ்போட்டில் உருவாக்கப்பட்ட ஆவியாக்கியைப் போன்ற, நோயாளி இழுக்கும் சாதாரணக் காற்றிலேயே மயக்க ஆவியைக் கலக்கும் எளிய கருவி. இரண்டாவது, முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் ஊசியேற்றி இடுப்புக்குக் கீழே மட்டும் உணர்வை நீக்கும் முறை. 1898இல் ஜேர்மனியில் ஓகஸ்ட் பியர் தொடக்கிவைத்த இம்முறையில் நோயாளி விழித்தே இருப்பார், ஆனால் குருதியை அதிகம் இழந்தவரின் குருதியமுக்கத்தை அது மேலும் வீழ்த்திவிடும். மூன்றாவது, 1970இல் பாவனைக்கு அனுமதிக்கப்பட்ட கெற்றமின். அது சுவாசத்தைப் பெரிதும் ஒடுக்காமலும் குருதியமுக்கத்தைத் தாங்கியும் நோவை நீக்குவதால், விழிக்கையில் மனத்தோற்றங்களை எழுப்பும் குறை இருந்தும், குண்டுக் காயம்பட்டவருக்கு ஏற்றதாகும். எந்த நோயாளிக்கு எதைத் தெரிவது என்பதைச் சில நிமிடங்களில் தீர்மானிப்பது எந்தக் கருவியாலும் ஆகாது. அது பயின்ற மனிதரின் தீர்ப்பாகவே இருந்தது.

அத்தகைய மனிதரின் பற்றாக்குறையை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பருத்தித்துறையில் ஓரளவு ஈடுசெய்தது. 1980களின் பிற்பகுதி முதல் அது அனுப்பிய குழுக்களில் சத்திரசிகிச்சை நிபுணரோடு மயக்கமருந்து நிபுணரும் இடம்பெற்றனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் போரினால் ஒருசேர இடம்பெயர்ந்தபோது, யாழ்ப்பாணம் வைத்தியசாலையின் பணியும் பருத்தித்துறைக்குப் பெயர்ந்து அங்குள்ள மந்திகை வைத்தியசாலையின் சுமையைப் பன்மடங்காக்கியது.

போருக்குப் பின்னர் ஜப்பானிய அரசின் நன்கொடையால் போதனா வைத்தியசாலையில் புதிய சத்திரசிகிச்சைக் கூடங்களும் தீவிர சிகிச்சைப் பிரிவும் கொண்ட கட்டடம் எழுந்தமையால், கருவிக் குறை பெரிதும் நீங்கியது. ஆளுருவாக்கம் அவ்வளவு விரைவில் நிகழ்வதன்று. இலங்கையில் மயக்கமருந்து நிபுணராக விரும்புவோர் பட்டப்படிப்பும் உள்ளகப் பயிற்சியும் முடித்து, பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சையிலும் எம்.டி. பரீட்சையிலும் தேறி, அதன்பின் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயிற்சி பெற வேண்டும். இப்பாதைக்குப் பல ஆண்டுகள் செல்லும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மயக்க மருந்துகளுக்கே தட்டுப்பாடு நேர்ந்ததோடு, இவ்வாறு உருவான நிபுணர்கள் பலர் நாட்டைவிட்டே வெளியேறினர். மருந்தை மீண்டும் வாங்கிவிடலாம், பத்தாண்டுப் பயிற்சியை அவ்வாறு வாங்க இயலாது.

ஆகவே குடாநாட்டு மயக்கமருந்து மருத்துவத்தின் வரலாற்றைப் புதிய மருந்துகளும் கருவிகளும் வந்த வரிசையாக மட்டும் எழுதுவது முழுமையாகாது. கற்பிக்கும்போதே கற்றவர் ஊரில் தங்குவதற்கான வழியையும் கிறீன் சிந்தித்தார். மொழியைக்கொண்டு அவர் தேடிய அந்தத் தீர்வு இன்று போதாது. நியாயமான ஊதியம், இரவுப் பணியைப் பகிர்ந்துகொள்ளப் போதிய எண்ணிக்கையில் சகாக்கள், உள்ளூரிலேயே உயர்பயிற்சி, செய்த பணிக்குரிய மதிப்பு ஆகியவை அமையும்போதே இந்நிபுணர்கள் யாழ்ப்பாணத்தில் நிலைப்பர். தலைமாட்டில் நின்றோரின் பணியையும் பெயர்களையும் வைத்தியசாலை ஏடுகளிலிருந்தும் ஓய்வுபெற்றோரின் நினைவிலிருந்தும் இப்போதே தொகுத்துப் பதிவுசெய்வது, அந்த மதிப்பை அளிப்பதன் முதற்படியாகும்.