பாட்டுக்குப் படியளந்தவர்கள்

கொழும்பு நகரத்திலே தமிழ்ப் பாட்டுக்குப் படியளந்தவர்கள் யார் என்று வினவினால், வர்த்தகர்கள் என்பதே விடையாகும். ஆயினும் அவர்கள் எந்தக் காலத்தில் எதைக் கருதிப் படியளந்தார்கள் என்பதை ஆராய்ந்தால்தான், கலைஞனுடைய சிருஷ்டிக்கும் அவனுடைய சம்பாத்தியத்துக்கும் இந்நகரத்தில் இருந்துவந்த உறவு நமக்கு விளங்கும்.

ஆடிவேல் விழாக் காலத்திலே, செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து புறப்பட்ட தேர்கள் காலி வீதி வழியே பம்பலப்பிட்டியையும் வெள்ளவத்தையையும் நோக்கி அசைந்து வரும்போது, நாதஸ்வரமும் தவிலும் அவற்றின் முன்னே வந்தன. விழா நாட்களில் தமிழகத்து வித்துவான்களின் கச்சேரிகளும் நடைபெற்றன. அச்செலவை ஏற்ற செட்டிமாரும் பிற வியாபாரிகளும் அதற்குப் பலனாக எதிர்பார்த்தவை புண்ணியமும் ஊர்மதிப்புமே. கச்சேரிக்கு எத்தனை பேர் வந்தார்கள், அவர்களுள் எத்தனை பேர் நாளை நம் கடைக்கு வருவார்கள் என்று கணக்குப் பார்க்கும் வழக்கம் அப்போது தோன்றியிருக்கவில்லை.

அவ்வழக்கத்தைக் கொண்டுவந்தது வானொலி. 1925 டிசம்பரில் தொடங்கிய கொழும்பு ஒலிபரப்பு, கால் நூற்றாண்டுக் காலம் அரசாங்கத்தின் செலவிலேயே நடந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, கீழைத்தேசமெங்கும் பரவிக் கிடந்த பிரித்தானியத் துருப்புக்களை மகிழ்விப்பதற்காக ஏக்கலையில் நாட்டப்பட்ட சிற்றலை ஒலிபரப்பி, யுத்தம் முடிந்தபின் 1949இல் இலங்கையின் வசமாயிற்று. போர்வீரனுக்காக அமைத்த அந்த யந்திரத்தை வியாபாரிக்கு வாடகைக்கு விடும் யோசனையிலிருந்து, 1950 செப்டம்பரில் பிறந்ததே வர்த்தக சேவை. கொழும்புத் திட்டத்தின்கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டொட் என்பவர் அதை நடத்தினார்.

அதிர்ஷ்டமும் உடனே கைகொடுத்தது. 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு மந்திரியான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுப்பது என்ற அபிப்பிராயத்தோடு அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமற் செய்தார். அங்கே கதவடைக்கப்பட்ட பாட்டு, கடல் கடந்து டொரிங்டன் சதுக்கத்துக் கொழும்பு வானொலி நிலையத்தின் இசைத்தட்டுச் சுழலிகளில் ஏறி, மீண்டும் இந்தியாவின் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. பம்பாயில் ஒலிப்பதிவாகிக் கொழும்பிலிருந்து பரவிய அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ ஹிந்தி உலகத்தை வென்றது போல, தமிழுலகத்தை வென்றவர் எஸ். பி. மயில்வாகனன். அவர் பாடினாரல்லர், இசையமைத்தாருமல்லர். பிறர் பாடிய பாட்டுக்களைத் தெரிந்து, கோத்து, தம் குரலால் முன்னுரை கூறியே தமிழகத்துக் கிராமங்களிலும் பிரசித்தி பெற்றார். அறிவிப்பாளனும் ஒரு கலைஞன் என்பதை வர்த்தக சேவையே உலகுக்குக் காட்டிற்று.

ஆனால் அதே கட்டடத்தின் தேசிய சேவையில் வேறொரு காட்சி. எஸ். கே. பரராஜசிங்கம் போன்றவர்கள் ஈழத்து மெல்லிசைக்காக உழைத்தார்கள். நாகர்கோவிலிலிருந்து வந்து சிங்களத் திரையிசையில் பெரும்புகழ் எய்திய ஆர். முத்துசாமியும், சாக்சபோன் வித்துவான் எம். கே. ரொக்சாமியும், சிங்களப் படங்களிலே ஜீவனம் தேடிக்கொண்டே தமிழுக்கும் இசையமைத்தார்கள். விளம்பரதாரரின் பணமோ சினிமாப் பாட்டைத் தேடிச் சென்றதேயன்றி மெல்லிசையின் பக்கம் திரும்பவில்லை. இணுவில் ந. வீரமணி ஐயர் மயிலைக் கற்பகாம்பாள்மீது இயற்றிய பாட்டு, டி. எம். சௌந்தரராஜன் குரலில் தமிழ்நாடெங்கும் ஒலித்தபோதும், இயற்றியவர் யாழ்ப்பாணத்தார் என்று அறிந்தவர் சிலரே. சென்னையின் முத்திரை விழுந்த பின்னரே நம் சரக்கு நமக்கே விலைபோயிற்று.

இதற்கு ஒரு விதிவிலக்கு துள்ளிசை. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற பைலாத் தாளத்தில் தமிழ்ப் பேச்சை ஏற்றி, நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடினார், ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’ பாடினார். கல்யாண வீட்டிலும் கல்லூரி விழாவிலும் சனங்கள் தாமாகவே பாடத் தொடங்கிய அப்பாட்டுக்களை மேடையும் வியாபாரமும் பின்தொடர்ந்தன. ‘சுராங்கனி’யின் மெட்டு 1977இல் இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்திலும் புகுந்தது.

இந்த மலர்ச்சியின் காலத்தையும் நாம் கவனிக்கவேண்டும். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. இந்தியச் சஞ்சிகைகளும் படங்களும் குறைந்தபோது, நம்மவர் எழுத்துக்கும் படத்துக்கும் பாட்டுக்கும் சந்தை கிடைத்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஒலிநாடாக்கள் வந்து குவிந்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த ஒலிப்பதிவுக் கடைகளில், வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த பட்டியலின்படி சென்னைப் பாட்டுக்களை நாடாவில் இறக்கிக் கொடுப்பதே தொழிலாயிற்று. 1983 ஜூலையில் காலி வீதியிலே தமிழர் கடைகள் எரிந்தபோது, அவற்றில் முதலிட்டிருந்தவர்களும் பாட்டுக் கட்டியவர்களுமாகப் பலர் கடல் கடந்தார்கள்.

வர்த்தகம் கலையைக் கெடுத்தது என்று கூறுவது எளிது, அது உண்மையன்று. வர்த்தகம் இல்லாதிருந்தால் மயில்வாகனன் இல்லை, துள்ளிசையும் ஊர் எல்லையைத் தாண்டியிராது. நம் குறை வேறு. தேருக்கும் கச்சேரிக்கும் புண்ணியம் கருதிக் கொடுத்த கை, விளம்பரத்துக்கு லாபம் கருதிக் கொடுத்த கை, இவ்விரண்டும் கொழும்பில் இருந்தன; நம்மவன் கட்டிய புதுப்பாட்டொன்று விலைபோகுமா போகாதா என்று தெரியாத நிலையிலும் அதன்மேல் முதலிடத் துணிந்த கை மட்டும் அரிதாகவே இருந்தது. சுங்கச்சாவடி அடைத்திருந்த ஏழு ஆண்டுகளில் நாம் பெற்றதை, அது திறந்த பின்னும் காப்பாற்றியிருக்கக்கூடியது அந்தக் கை ஒன்றுதான்.