கண்டி மாநகரின் வழிபாட்டிடங்கள்

மலைகள் சூழ, மகாவலி கங்கை வளைந்தோட அமைந்த கண்டி மாநகரை அரசர்களின் தலைநகரமென்றே பலரும் அறிவர். அது பல சமயத்தார்க்கும் புகலிடமாய் விளங்கிய வரலாற்றையும் நம் இளைஞர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

இந்நகரில் இன்று நிலைத்திருக்கும் கட்டடங்களுள் மிகப் பழையது நாத தேவாலை. பதினான்காம் நூற்றாண்டுக்குரிய இக்கற்றளி, பௌத்தர் போற்றும் நாதருக்காக எடுக்கப்பட்டது; எனினும் அதன் அமைப்பிலே திராவிடச் சிற்பமுறை விளங்குகின்றது. பிலிமத்தலாவையை அடுத்துள்ள கடலாதெனிய, லங்காதிலக விகாரைகள் 1344 ஆம் ஆண்டில் எழுந்தவை. கடலாதெனியவின் தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி என்னும் தென்னாட்டவர். லங்காதிலகப் பாறையிலோ சிங்களத்திலும் தமிழிலும் சாசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பௌத்த விகாரை பற்றிய செய்தியைத் தமிழிலும் எழுதிவைக்க அக்காலத்தவர் தயங்கினாரல்லர்.

தலதா மாளிகையின் அயலிலே நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகியோரின் தேவாலைகள் உள. பத்தினி நம் கண்ணகியே. எசல பெரகராவில் தலதா மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து இந்நான்கின் ஊர்வலங்களும் இன்றும் செல்கின்றன.

1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டோர் நாயக்கர் குலத்தினர். அவருள் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன், சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, 1753 இல் பிக்குகளின் உபசம்பதையை மீண்டும் நிலைநாட்டினான். சைவச் சூழலில் வந்த மன்னனே பௌத்தத்துக்கு உயிரூட்டினான்! தூதுவர் சீயம் செல்லக் கப்பல் உதவியவர் ஒல்லாந்தர். 1765 இல் கண்டியுட் புகுந்து சூறையாடியவரும் அவரே.

கரையோரத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்தியபோது அவர்க்கு அடைக்கலந் தந்தது கண்டி. 1692 இல் ஒற்றனென ஐயுற்றுச் சிறையிடப்பட்ட ஜோசப் வாஸ் அடிகள், பின்னர் அரச ஆதரவு பெற்றுத் தொண்டாற்றி, 1711 இல் இந்நகரிலேயே மறைந்தார். போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களைச் செனரத் மன்னன் தன் நாட்டிற் குடியமர்த்தினான். ஆங்கிலர் ஆட்சியில் தேவாலைகளின் அருகிலேயே புனித பவுல் ஆலயம் எழுந்தது. கட்டுக்கலையில் செல்வ விநாயகரும் கோயில்கொண்டருளினார்.

இப்பெருமைக்குக் களங்கம் நேர்ந்ததும் உண்டு. 1915 இல் பெரகரா ஊர்வலம் பற்றிய பிணக்குக் கலவரமாய்க் கண்டியில் மூண்டது. 1998 இல் விடுதலைப் புலிகளின் குண்டுத் தாக்குதலால் தலதா மாளிகை சிதைந்தது. 2018 இல் திகன முதலிய ஊர்களிற் பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன. மூன்றிலும் பேரிழப்பு எய்தியோர் குற்றமற்ற மக்களே.

இளைஞரே! விடுமுறை நாளொன்றில் லங்காதிலகம் சென்று அத்தமிழ்ச் சாசனத்தைக் கண்டு வாருங்கள். பெரியோர்களும் தம் பிள்ளைகளை அழைத்துச் செல்வார்களாக. அயலார் ஆலயத்துக்கு நேரும் தீங்கை நம் ஆலயத்துக்கு நேர்ந்ததாகவே கருதுதல் வேண்டும். அப்பாறை நமக்கு உணர்த்துவது இதுவேயாம்.